தாழ்ப்பாள் வைக்காத கதவு

அன்புள்ள பட்டனுக்கு,

அம்மா எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு, என் கால் என்னைத் தாங்குகிற அளவுக்கு நடமாடிக்கொண்டு இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி சின்னவளும் அந்தக் குளிரில் இருமல் காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்தால் எனக்கு வருகிற முதல் நினைப்பு. போனில்தான் பேசுகிறோமே, பிறகு எதற்கு இந்தக் காகிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் அழுகிறேன், அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது, சொல்ல வந்தது சொல்லாமலே போகிறது. காகிதம் என்றால் குறுக்கே பேசாது. என் எழுத்து உனக்குத் தெரியும், கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், உன் அப்பா பார்த்தால் உன் எழுத்துக்குத் தையல் பிரிஞ்சிருக்கு என்பார். பொறுத்துக்கொண்டு படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் மறக்கவில்லை. பின்பக்கத்தை இடித்துக் கட்டுகிறது சரிம்மா, ஆனா கதவுக்கெல்லாம் யோசிச்சுக்கிட்டு நிக்காதே, எல்லாத்துக்கும் ஃப்ளஷ் டோர் போடச் சொல்லிடு, எப்படியும் வாடகைக்கு விடப்போற வீடுதானே, நீ இங்கே வந்துடப்போறே என்றாய். நான் ம் என்றேன். அதைச் சரி என்று நீ எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. நான் கேட்டுக்கொண்டேன் என்றுதான் சொன்னேன், சரி என்று சொல்லவில்லை. உன் அப்பா இருந்தால் பக்கத்து அறையிலிருந்தே அந்த வித்தியாசம் கண்டுபிடித்திருப்பார். நான் உன்னோடு வந்துவிடுவதா, இங்கேயே இருப்பதா என்பதற்கு நான் இன்னும் பதிலே சொல்லவில்லை, அதற்குள் கதவு வந்து நடுவில் நின்றுகொண்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேலை எந்த அளவில் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலறையும் உன் அறையும் பின்னால் இருக்கிற குளியலறையும் சுவர் எழும்பி நிற்கிறது, நிலை வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். நான் முன்னறையில் கட்டில், பாத்திரம், அப்பாவின் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் நடுவில் படுத்து எழுந்திருக்கிறேன், திரும்பிப் படுத்தால் மெஷின் சக்கரம் முதுகில் இடிக்கிறது, யாரோ கூப்பிடுகிற மாதிரி. மாமா தினமும் காலையில் வந்து மேஸ்திரியிடம் சத்தம் போட்டுவிட்டுப் போகிறான். என் தம்பி என்பதால் சொல்லவில்லை, அவனுக்குச் சிமெண்டும் தெரியாது மணலும் தெரியாது, ஆனால் சத்தம் மட்டும் தெரியும், அதற்கே பாதி வேலை நடக்கிறது. இன்ஜினியர் தம்பி நல்ல பிள்ளை, என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார், எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்கிறார். அவர்தான் தச்சரை அழைத்து வந்தார். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் எல்லோரும் அவரைப் பென்சில் என்றே கூப்பிடுகிறார்கள், அந்தப் பென்சிலை அவர் எடுத்து எழுதி நான் பார்த்ததில்லை. வந்தவர் ஒவ்வொரு வாசலாக நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து, முதல்ல ஒண்ணு சொல்லுங்கக்கா, இந்த வீடு நீங்க இருக்கவா, வாடகைக்கு விடவா, அதைச் சொன்னா கதவை நான் சொல்லிடறேன் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, அக்கா மககிட்டப் போகப்போறாங்க, வாடகைக்குத்தான், சும்மா லேசா ஒண்ணைப் போடுங்க என்று சொல்லிவிட்டான். பென்சில் என்னைப் பார்த்தார். நான் டீ ஆறுது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாள் மாமாவும் இன்ஜினியர் தம்பியும் என்னைக் கதவுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரிய கடை பட்டன், கண்ணாடி போட்டு, உள்ளே குளிர்ச்சியாக, பசை வாசம் அடித்துக்கொண்டிருக்கிறது. கதவுகளை ஒரு பக்கம் கீல் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள், புத்தகத்தின் ஏடு மாதிரிப் புரட்டிப் புரட்டிப் பார்க்கலாம். எனக்கு அதைப் பார்த்ததும் தோன்றியது, இத்தனை கதவு இருக்கிறது, ஒன்றுக்குப் பின்னாலும் ஒரு அறை இல்லையே என்று. கடைக்காரப் பையன் வாய் ஓயாமல் பேசினான். வழவழவென்று ஒரே பலகையாக இருக்கிறதே அதுதான் ஃப்ளஷ் டோராம், தூசி தங்காதாம், துடைத்தால் போதுமாம். அது எனக்குப் பிடிக்காத முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் புரட்டினான். பார்க்கிறதுக்கு நம் பழைய கதவு மாதிரியே சட்டமும் பலகையுமாக இருந்தது. அட இது நன்றாக இருக்கிறதே என்று கிட்டப் போய்த் தட்டினேன், காலி பிஸ்கட் டின்னைத் தட்டினால் வருகிற சத்தம் வந்தது. அது அச்சில் வைத்து அழுத்தி எடுத்ததாம், சட்டத்தில் பலகை செருகின பேனல் கதவு மாதிரி இருக்கும், பேனல் கிடையாதாம். உள்ளே ஒண்ணுமில்லாததாலதான்மா லேசா இருக்கு, கீல் வருஷக்கணக்கா உழைக்கும் என்றான். மாமா அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தன் தலையையும் தட்டிப் பார்த்து, என் மண்டையே இதைவிடக் கெட்டியாக் கேட்குது என்றான். கடைப் பையன் சிரித்துவிட்டான், இன்ஜினியர் தம்பியும் சிரித்தார், நானும் சிரித்தேன். அப்பா போன பிறகு வெளியிடத்தில் நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டோமே என்று வீடு வரைக்கும் ஒரு மாதிரியாக இருந்தது.

இன்ஜினியர் தம்பி எதையும் திணிக்கவில்லை. வாடகை வீடென்றால் ஃப்ளஷ் போதும், மோசமில்லை, இருக்கிற வீடென்றால் சட்டமும் பலகையும் போட்ட பேனல் கதவு போடுங்கள், ஆனால் குளியலறைக்கு மட்டும் நான் சொல்றதைக் கேளுங்கம்மா, பிளாஸ்டிக் கதவுதான், மரம் போட்டா ஈரத்துல ஊறி நீங்க உள்ளே இருக்கும்போது திறக்காது என்றார். அது நியாயம், உடனே ஒப்புக்கொண்டேன். எனக்கு மரத்தின் மேல் ஆசைதான், குளியலறைக்குள் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. மற்றக் கதவுகளுக்கு வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்குக் கோபம், ஒரு கதவுக்கு இத்தனை யோசனையாக்கா, மகளைக் கட்டிக்குடுக்கும்போதுகூட நீ இவ்வளவு யோசிக்கலையே என்றான். யோசித்திருந்தால் அவ்வளவு தூரத்துக்குக் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொன்னேன். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லாதே, தங்கமான பிள்ளை, வாய் தவறி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் பென்சில் உன் அறையின் பழைய கதவைக் கொல்லைப்புறத்தில் மேசை மேல் கிடத்திப் பிரித்துக்கொண்டிருந்தார். கரையான் நிலையை முழுக்கத் தின்றுவிட்டது, கதவின் பக்கச் சட்டத்திலும் அடியில் ஏறிவிட்டது, பலகைகள் மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சட்டத்தைத் தட்டிக் கழற்றினார். கழற்றியவர், இங்க வந்து பாருங்கக்கா, இது என்ன வேடிக்கை என்று கூப்பிட்டார். பலகையின் ஓரம் போய் உட்காருகிற காடி இருக்கிறதே, சட்டத்தில் நீளமாகப் பள்ளம் தோண்டியிருப்பார்களே, அதற்குள் துணி. சின்னச் சின்னதாக மடித்துச் செருகிய துணித்துண்டு. உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. வெயில் காலத்தில் பலகை வற்றிக் காடிக்குள் ஆடும், காற்றடித்தால் கடகடவென்று சத்தம் போடும், உனக்கு நினைவிருக்குமே, பரீட்சைக்குப் படிக்கும்போது அந்தச் சத்தத்துக்கு நீ அப்பாவைத் திட்டுவாய். ஆணி அடிச்சுத் தொலைங்களேன் என்பேன் நான். ஆணி அடிச்சா மழைக்கு ஊதும்போது பலகை எங்கே போகும், பிளந்துக்கும் என்று அப்பா தன் மெஷினடியில் கிடக்கிற வெட்டுத் துணியில் ஒன்றை எடுத்து மடித்துச் செருகிவிட்டுப் போவார். ஒவ்வொரு கோடைக்கும் ஒன்று. நாம் அதைக் கண்டுகொண்டதே இல்லை, சத்தம் நின்றால் போதும் என்று இருந்தோம்.

அந்தத் துண்டுகளை எல்லாம் என் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் பள்ளிக்கூடத்து நீலம் இருக்கிறது. என் ரவிக்கைப் பச்சை ஒன்று, எந்தக் கல்யாணத்துக்குத் தைத்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. எதிர்வீட்டு டீச்சரம்மாவின் கோடு போட்ட சேலைத் துண்டு, யாரோ ஒருவரின் கால்சட்டைத் துணி, அப்பாவின் வெள்ளைச் சட்டையில் காலர் திருப்பித் தைத்தபோது மிஞ்சியது. வெளியில் தெரிந்த ஓரம் மட்டும் வெளுத்திருக்கிறது, உள்ளே மடிந்திருந்த இடம் நேற்று வெட்டின மாதிரி நிறமாக இருக்கிறது. அந்தப் பூப்போட்ட துணி இருக்கிறதா என்று தேடினேன், நீ கத்தரித்தாயே அது. இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் இல்லை.

அந்தக் கதையை உனக்கு நானும் அப்பாவும் மாறி மாறிச் சொல்லியிருக்கிறோம், ஆனால் சின்னவளுக்கு நீ சொல்லியிருப்பாயோ என்னவோ, படித்துக் காட்டு. உனக்கு அப்போது அவள் வயதுதான் இருக்கும். அப்பா சாயங்காலம் கொடுக்க வேண்டிய ஒரு பூப்போட்ட சட்டைக்குக் கை வெட்டி வீட்டு மெஷின் மேல் வைத்திருந்தார், நீ அதை எடுத்துப் பொம்மைக்குப் பாவாடை வெட்டிவிட்டாய். வெட்டின பிறகுதான் உனக்கு உறைத்திருக்கிறது. மெஷின் முக்காலியைத் தள்ளிக்கொண்டு போய் அறைக்குள் நுழைந்து, முக்காலி மேல் ஏறி மேல் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாய். போட்ட வேகத்தில் முக்காலி சறுக்கி, கால் ஒன்று கழன்றுபோனது, மறுபடி ஏற வழியில்லை, தாழ்ப்பாள் உன் கைக்கு எட்டவில்லை. முதலில் நீ வாயே திறக்கவில்லை, அடி விழும் என்ற பயம். பிறகு அடிக்குப் பரவாயில்லை என்று தோன்றியதோ என்னவோ, ஒரே அலறல். தெரு முழுக்கக் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை, கடப்பாரை கொண்டுவா என்று ஒருவர், கதவை மோதி உடைத்துவிடலாம் என்று ஒருவர். பிள்ளை கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறது, மோதினால் அவள் மேலே விழுமே என்று நான் குறுக்கே விழுந்து தடுக்கிறேன். அப்பா தன் தையல் கடையிலிருந்து ஓடி வந்தார், கழுத்தில் டேப், கையில் கத்தரிக்கோல், வெட்டிக்கொண்டிருந்தபடியே வந்திருக்கிறார். அந்தக் கத்தரிக்கோலால் ஒரு காகிதம் வெட்டினாலும் வீடு இரண்டாகும், உனக்குத் தெரியும். அவர் அதன் முனையைக் கீழ்ப்பலகையைச் சுற்றி அடித்திருக்கிற மெல்லிய பட்டிக்கு அடியில் விட்டு நெம்பினார். ஒவ்வொரு ஆணியாக எழும்பி வந்தது. மேல் பலகைகள் எல்லாம் காடிக்குள் இருக்கிறது, கீழ்ப்பலகை மட்டும் எப்போதோ மாற்றிப் போட்டபோது வெளிப்பக்கமாகப் பட்டி வைத்து அடித்தது, அது நம் நல்ல காலம். கத்தரிக்கோலின் முனை ஒடிந்தது, அவர் நிறுத்தவில்லை. பலகையை எடுத்து ஓரமாகச் சாத்திவிட்டு, பட்டன் வா என்றார், அவ்வளவுதான். அந்த ஓட்டை வழியாக நீ தவழ்ந்து வந்தாய், கையில் பூப்போட்ட பாவாடையோடு.

அடிப்பார் என்று நான் நினைத்தேன், நீயும் நினைத்தாய், தெருவும் நினைத்தது. அவர் உன்னைக் கதவோடு நிற்கவைத்து, குதிகால் தூக்காம கையை உயர்த்து என்றார். நீ அழுதுகொண்டே உயர்த்தினாய். கழுத்து டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அளந்தார், பிறகு ஒரு சாண் கீழே இறக்கினார். எட்டிப் பிடிக்கிற உயரம் வேற, சுளுவாத் திறக்கிற உயரம் வேற என்று யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார். மறுநாள் மேல் தாழ்ப்பாளைக் கழற்றி அந்த உயரத்தில் வைத்துவிட்டார். நீ வளர்ந்தாய், கல்லூரி போனாய், கல்யாணமாகிப் போனாய், தாழ்ப்பாள் மட்டும் அங்கேயே இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் இதென்ன குள்ளனுக்கு வெச்ச தாழ்ப்பாளா என்று கேட்பார்கள். மேலே ஏற்றுங்களேன் என்று நான் எத்தனை முறை சொன்னேன், குனிந்து குனிந்து இடுப்பு ஒடிகிறது என்று. பட்டனுக்கு எட்டணும் என்பார். பட்டன் உங்களைவிட உயரம் என்பேன். அதனாலென்ன என்பார்.

கடைசியில் அது யாருக்கு எட்டியது என்று உனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு விட்டுப்போய் அவர் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, இந்த வீட்டில் அவர் கைக்கு எதுவுமே எட்டவில்லை பட்டன். சுவிட்ச் எட்டாது, அலமாரி எட்டாது, தண்ணீர்ப் பானை எட்டாது, எதற்கும் என்னைக் கூப்பிட வேண்டும். வாய் திறந்து கேட்கிற மனுஷன் இல்லை அவர். உன் அறைத் தாழ்ப்பாள் ஒன்றுதான் உட்கார்ந்தபடியே எட்டியது. மத்தியானத்தில் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உன் அறைக்குள் போவார், தன் கையால் கதவைச் சாத்துவார், தன் கையால் தாழ்ப்பாள் போடுவார். உள்ளே என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை, ஜன்னலைப் பார்த்திருக்கலாம், அழுதிருக்கலாம், சும்மா இருந்திருக்கலாம். நான் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வந்து பலகையில் ஒரு தட்டுத் தட்டுவேன். இருக்கேன் என்பார். போய்விடுவேன். நாள் முழுக்க அடுத்தவர் கையால் தூக்கி இறக்கப்படுகிற ஒருவருக்குத் தன் கையால் ஒரு கதவைச் சாத்திக்கொள்ள முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே கதவு இல்லை, திரைதான். யார் வேண்டுமானாலும் சரக்கென்று இழுத்தார்கள். தட்டுவதற்கு அங்கே எனக்கு எதுவும் இல்லை. நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதை நினைத்து நீ உன்னை வதைத்துக்கொள்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். வேண்டாம். அவர் உன் அறையில்தான் அத்தனை நாளும் இருந்தார், அதை நினைத்துக்கொள்.

இத்தனையும் எதற்கு எழுதினேன் என்றால், நேற்றுக் காலையில் பென்சில் வந்தபோது நான் பதில் சொல்லிவிட்டேன். இருக்கத்தான் என்று சொன்னேன். மாமா, யாரு இருக்க என்று கேட்டான். நான்தான், வேற யாரு, உன் மண்டைச் சத்தமா வந்து இருக்கப்போகுது என்றேன். அவன் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, சாயங்காலம் டீ குடிக்க மட்டும் வந்தான். கோபித்துக்கொள்ளாதே பட்டன். நீ கூப்பிட்டதில் எனக்குக் குறையே இல்லை, உன் பாசம் எனக்குத் தெரியாதா. ஆனால் அங்கே வந்தால் நான் உன் வீட்டில் இருப்பேன், இங்கே நான் வீட்டில் இருக்கிறேன். அப்பாவின் கடையை இப்போது நடத்துகிறாரே, அப்பாவிடம் முன்பு வேலை பார்த்தவர், அவர் எனக்குப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கவும் கொக்கி வைக்கவும் துணி கொடுத்து அனுப்புகிறார். மத்தியானம் முழுக்க ஊசியும் நூலுமாகப் போகிறது, கை ஓடினால் மனசு ஓரிடத்தில் நிற்கிறது. எதிரே டீச்சரம்மா இருக்கிறார், காலையில் என் ஜன்னல் திறக்கவில்லை என்றால் பிரம்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வர நேரமானால் அப்பா சொல்வாரே, காஜா இங்கே இருக்கு, பட்டன் எங்கே விழுந்துச்சுன்னு தெரியலையே என்று, அது இப்போது எனக்குத் தினமும் நினைவுக்கு வருகிறது. பட்டன் எங்கே விழுந்தாலும் காஜா அதே இடத்தில்தான் இருக்க வேண்டும், அதுவும் கிளம்பிப் போய்விட்டால் பிறகு எதில் வந்து மாட்டுவது.

அதனால் சமையலறைக்கும் உன் அறைக்கும் தேக்கில் பேனல் கதவு சொல்லிவிட்டேன். மேலே இரண்டு பலகை, கீழே ஒன்று, அகலமாக. பூ வேலை, கொடி வேலை ஒன்றும் வேண்டாம் என்றேன், தூசி துடைக்கக் குச்சி தேடுகிற வயது இல்லை எனக்கு. பலகையைப் பசை போட்டு ஒட்டக் கூடாது, ஆணியும் கூடாது, காடிக்குள் அசைய இடம் இருக்க வேண்டும் என்று நான் சொல்லப்போக, அது எனக்குத் தெரியாதாக்கா என்று பென்சிலுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு நானே ஒரு டீ போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். உன் அறைக்கு மட்டும் கீழ்ப்பலகை பழையதே இருக்கட்டும், நீ தவழ்ந்து வந்தாயே அதற்கு வழிவிட்ட பலகை, அதை இழைத்துப் புதிதாக்க வேண்டாம், துடைத்துப் போடுங்கள் என்றேன். அதைச் சுற்றிப் பட்டி வைத்து வெளிப்பக்கமாக அடிக்கச் சொன்னேன். வெளியே பட்டி வெச்சா திருடனுக்குச் சுளுவா இருக்குமேக்கா என்றார். வீட்டுக்குள் இருக்கிற அறைதானே, அதுவரைக்கும் வந்த திருடனுக்கு அவ்வளவாவது செய்யலாம் என்றேன். உள்ளே யாராவது சின்னப் பிள்ளை மாட்டிக்கொண்டால் எடுக்க வேண்டுமே என்று பிறகு சொன்னேன். அவர் காதிலிருந்த பென்சிலைத் தடவிவிட்டுப் போனார். புது மரம் வருகிற கோடையில் வற்றி ஆடும் என்று சொல்லியிருக்கிறார், ஆடட்டும். மடியில் வாங்கிய துணித்துண்டு எல்லாம் என் ஊசி டப்பாவில் இருக்கிறது, செருக எனக்கும் தெரியும்.

இனி உன்னால் ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாளை எந்த உயரத்தில் வைப்பது என்று பென்சில் கேட்டார். பழைய தாழ்ப்பாள் தேயாமல் இருக்கிறது, அதையேதான் வைக்கப்போகிறோம். நான் அப்பாவின் டேப்பை எடுத்துப் பழைய சட்டத்தில் அளந்து ஒன்று சொன்னேன், அவர் தன் இரும்பு டேப்பில் அளந்து வேறொன்று சொன்னார், இரண்டும் ஒத்துவரவில்லை. அப்பாவின் டேப் கழுத்திலேயே கிடந்து இழுபட்டு நீண்டுபோயிருக்கிறது, அது எவ்வளவு பொய் சொல்லும் என்று அவருக்கு மட்டும் தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி வெட்டுவார். நம்பர் எனக்கு வேணாம்க்கா, எந்த டேப்ல அளக்கறீங்களோ அந்த டேப்பையே கொண்டாங்க, அதை வெச்சே குறி போட்டுடறேன் என்றார் பென்சில். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. உன் அளவு பழையதாகிவிட்டது. அப்பாவுக்கு இனி அளவு தேவையில்லை. எனக்கு எங்கே வைத்தாலும் எட்டும், குனிந்து பழகிவிட்டேன். அதனால் தாழ்ப்பாளை இப்போது வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு அப்பாவின் டேப்பைச் சுருட்டி வைத்திருக்கிறேன். முனையில் பித்தளைத் தகடு கழன்று நூல் கட்டியிருக்கிறேன், இழுக்காதே. சின்னவளைச் செருப்பில்லாமல் தரையில் நிற்கவை, குதிகால் தூக்காமல் கையை உயர்த்தச் சொல், தரையிலிருந்து அளந்து ஒரு சாண் கீழே இறக்கு, உன் சாண் அப்பாவின் சாணைவிடச் சின்னது, அதனால் கொஞ்சம் தாராளமாக இறக்கு, அந்த இடத்தில் டேப்பில் ஒரு சிவப்பு நூலைக் கோத்து முடிச்சுப் போடு. நம்பரைப் போனில் சொல்லாதே, சொன்னாலும் இங்கே பிரயோஜனமில்லை. டேப்பைத் தபாலிலும் போடாதே, நான் இந்த ஒரு தடவை அனுப்புவதே பயந்துகொண்டுதான், தொலைந்துபோனால் வேறு கிடையாது. கையில் கொண்டுவர வேண்டும், அளவுக்குரியவளையும் கூட்டிக்கொண்டு. ரொம்ப நாள் தள்ளிப் போடாதே, வளர்கிற பிள்ளையின் கை, இன்று போட்ட முடிச்சு ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு போகச் சொல். சின்னவளுக்கு ஆயிரம் முத்தம், கத்தரிக்கோலை அவள் கைக்கு எட்டாமல் வை, ஆனால் எட்டினால் திட்டாதே. வேளைக்குச் சாப்பிடு, அப்பாவை நினைத்துத் தனியாக உட்கார்ந்து அழாதே, அழுவதென்றால் எனக்குப் போன் போடு, சேர்ந்து அழுதுவிட்டு வேலைக்குப் போ. நீ எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடிக்கும் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் துணை இருக்கும். கதவு அடுத்த வாரம் மாட்டிவிடுவார்கள். நீ வருகிற வரைக்கும் அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது, சாத்தினாலும் காற்றுக்குத் திறந்துகொள்ளும். திறந்தே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னையும் அவளையும் எதிர்பார்த்திருக்கும்
உன் அம்மா